வடசென்னை மண்ணை எதைக் கொண்டு அளப்பது: ஆய்வகச் சீட்டா, டி.டி.எஸ். பேனாவா, சுண்ணாம்புத் தண்ணீரா?

மணலியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் காலி இடம். மாதவரத்தில் சவுடு கொட்டி உயர்த்திய மனை. தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் முப்பது குரோ பேக். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நெல். நான்கு இடத்திலும் கேட்கிற கேள்வி ஒன்றே: "மண்ணை டெஸ்ட்டுக்குக் கொடுக்கணும், எங்கே கொடுக்கலாம்?" எங்கே என்பதற்கு முன்னால் எதற்கு என்று முடிவு செய்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். முடிவு கைக்கு வந்ததும் எதை மாற்றப் போகிறோம்? பயிரையா, இடத்தையா, தண்ணீரையா, உரத்தையா? எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்தச் சோதனையே வேண்டாம்.

டெல்டாவிலோ கொங்குப் பக்கமோ மண் பரிசோதனை என்றால் தழை, மணி, சாம்பல் சத்திலிருந்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) ஆரம்பிக்கலாம். இங்கே வரிசை வேறு. முதலில் உப்பு, அடுத்து நஞ்சு, அதன் பிறகு உயிர், அதாவது மண்ணில் வாழும் நுண்ணுயிரும் புழுவும். சத்துக் கணக்கு கடைசி. ஒரு பக்கம் கடல், நடுவில் பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறி அரை நூற்றாண்டாகிறது. இதற்கு மேல் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல், கொடுங்கையூர் குப்பைமேடு, துறைமுகத்துக்கு ஓடும் லாரிகள். உப்பு மிகுந்த மண்ணில் குடம் குடமாகப் பஞ்சகவ்யம் ஊற்றினாலும் அவரை எழாது. ஈயம் இருக்கும் மண்ணில் மண்புழு ஜோராக நெளியும், கீரையும் தளதளவென்று வரும். அந்தக் கீரையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். உயிரோட்டத்தை அளக்கும் எந்தச் சோதனையும் இந்த இரண்டையும் காட்டிக்கொடுக்காது.

ஆய்வகச் சீட்டு

2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவுகள் வருகின்றன: அமிலமா காரமா என்று காட்டும் பி.எச்., உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறனான ஈ.சி., மக்கிய பொருளில் இருக்கும் கார்பனான கரிமக் கரி, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். கட்டணம் மிகக் குறைவு. ஒரு முறை எடுத்துவைப்பது நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பன்னிரண்டில் மண்ணின் உயிரைத் தொட்டுப் பேசுவது கரிமக் கரி ஒன்றுதான், அதுவும் மறைமுகமாக. மண்ணைக் காயவைத்து, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பிறகே அளக்கிறார்கள். கருவாட்டைப் பார்த்து மீன் எப்படி நீந்தியது என்று சொல்ல முடியுமா?

கரிமக் கரி விஷயத்தில் வடசென்னைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1934-ல் வந்த வாக்லி-பிளாக் முறை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து மண்ணிலுள்ள கரியை எரித்து, எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்று கணக்கிடுவார்கள். குளோரைடு இருந்தால் அதுவும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும். எனவே எண்ணூர், கத்திவாக்கம் போன்ற உப்பு மண்ணில் கரி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அமிலத்தோடு சில்வர் சல்பேட் சேர்த்தால் குளோரைடு வீழ்படிவாகி இந்தப் பிழை பெருமளவு அடங்கும். சேர்க்கிறார்களா என்று ஆய்வகத்தில் கேட்பதில் தப்பில்லை. நிலக்கரித் தூளும் எரியாத கரி கலந்த சாம்பலும் படிந்த இடத்திலும் இதே குழப்பம்: அந்தக் கரியில் ஒரு பகுதி கணக்கில் ஏறும், ஆனால் எந்த நுண்ணுயிருக்கும் அது சாப்பாடு ஆகாது. கடற்கரை மண்ணில் கிடக்கும் கிளிஞ்சல் இந்த முறையைக் கெடுக்காது. மண்ணை உலையில் எரித்து மொத்தக் கரியை அளக்கும் கருவிக்குக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து எண் எகிறும்.

0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் போனால் அதிகம் என்பது நாம் வைத்திருக்கும் அளவுகோல். வருடா வருடம் இதை எடுத்து 0.42 எப்படி 0.47 ஆனது என்று மகிழ வேண்டாம். ஒரே நிலத்தில் பத்தடி தள்ளி எடுத்தாலே அந்த வித்தியாசம் வரும். கரி மெதுவாக ஏறும் சொத்து. நம்பும்படியான மாற்றம் தெரிய மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். கரியில் உயிரோடிருக்கும் நுண்ணுயிரின் பங்கு பொதுவாக ஒன்றிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள்தான். அந்தச் சிறு பங்கு ஒரு வாரத்திலேயே பாதியாகலாம், இரட்டிப்பாகலாம். ஆய்வகச் சீட்டு மூலதனத்தைக் காட்டும், அன்றாட வரவு செலவைக் காட்டாது.

மாடித் தோட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீட்டில் தழை, மணி, சாம்பல் சத்து ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வரும். 15 சென்டிமீட்டர் ஆழத்துச் சாதாரண மண்ணின் எடையை வைத்துப் போட்ட கணக்கு அது. பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு கலந்த பையின் கலவை அந்த எடையில் பாதிகூட இருக்காது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு உரம் போட்டால் கணக்கு தப்பிவிடும். பைகளுக்கு பி.எச்.சும் ஈ.சி.யும் போதும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை. ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் சீவி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை திரும்பத் திரும்பச் செய்யவும். வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்தவும். உரக்குழி ஓரம், மரத்தடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுமிடம் எல்லாம் விலக்கு. சவுடு கொட்டிய மனையில் லாரிக்கு லாரி மண் மாறும் என்பதால் நிறம் மாறுகிற இடத்தையெல்லாம் தனித்தனி மாதிரியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்தால் எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரி கிடைக்கும்.

உப்புக்கு: கேன் தண்ணீரைச் சோதிக்கும் அதே பேனா

சென்னையில் பல வீடுகளில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனா கிடக்கிறது. கேன் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் வாங்கியது. சில நூறு ரூபாய்க் கருவி. மண்ணின் உப்பைக் கண்காணிக்க இதைவிடப் பெரிதாக எதுவும் தேவையில்லை.

காய்ந்த மண் 50 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 250 மில்லி, மூடியுள்ள பாட்டில். அரை மணி நேரத்துக்குள் ஐந்தாறு தடவை நன்றாகக் குலுக்கி, இன்னொரு அரை மணி நேரம் அசையாமல் வைக்கவும். மேலே தெளிந்ததில் பேனாவை நனைத்துப் படித்து, வெறும் தண்ணீரின் அளவைக் கழித்துக்கொள்ளவும். பெரும்பாலான பேனாக்கள் மின்கடத்தும் திறனைப் பாதியாக்கித்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டும். ஆகவே கழித்த பிறகு 150 வந்தால், மின்கடத்தும் திறனின் அலகில் மீட்டருக்கு 0.3 டெசிசீமன்ஸ். மணல் கலந்த வண்டலில் இதை ஏறக்குறைய 14-ஆல் பெருக்க, வேருக்குத் தெரியும் உப்பின் அளவு கிடைக்கும்: 4-ஐத் தாண்டுகிறது. 4 என்பதுதான் உவர் மண் என்று சொல்லத் தொடங்கும் எல்லை. களிமண்ணில் பெருக்கவேண்டியது 7 அல்லது 8 மட்டும், அதனால் அங்கே 250-ஐத் தாண்டினால்தான் அதே கஷ்டம். பீன்ஸ், கேரட், கத்தரி, வெங்காயம் எல்லாம் 1-ஐத் தாண்டியதுமே விளைச்சலில் இறங்க ஆரம்பிக்கும். மிளகாய் 1.5. தக்காளி 2.5 வரை தாங்கும், பீட்ரூட் 4 வரை போகும். திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் முதலில் எதை நடலாம் என்பதற்கு இந்த வரிசையே விடை.

ஒரு எச்சரிக்கை. ஆய்வகச் சீட்டில் வரும் ஈ.சி. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி எடுத்தது. நீங்கள் எடுத்தது ஐந்து பங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஆய்வகம் தப்பு" என்று சண்டைக்குப் போக வேண்டாம். இன்னொன்று: புதிதாக வாங்கிய நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் பேனாவை விட்டுப் பாருங்கள். கழுவாத கட்டி என்றால் எண் அதிர வைக்கும். மாடியில் நாற்று சாவதற்குக் காரணம் பல நேரம் அதுதான்.

உப்போடு சோடியம் சேர்ந்த கேடு வேறு வகை. அதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். உலர்ந்த மண்கட்டி, கடலை அளவு, நான்கைந்து எடுத்துத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் விட்டுவிடவும். கட்டி உடையாமல் நின்றால் மண்ணைப் பிணைக்கும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்ப் பசையும் வேலை செய்கின்றன. ஐந்து நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தால் பிணைப்பு இல்லை. உதிர்ந்ததைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கல் பரவி மணிக்கணக்கில் தெளியாமல் நின்றால் சோடியம். இந்த மூன்றாவது வகைக்குத்தான் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). மற்ற உப்பை ஐப்பசி கார்த்திகை மழையே கழுவிவிடும், வடிகால் இருந்தால். இந்தத் தம்ளர் சோதனைக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்தான் எடுக்க வேண்டும். உப்புப் போர் தண்ணீரில் போட்டால் களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கலே காட்டாது, மண் நல்லது என்று ஏமாந்துவிடுவோம். காசிமேடு, திருவொற்றியூரின் கடல்மணலில் கட்டியே கிடையாது என்பதால் அங்கே இந்தச் சோதனைக்கு வேலையில்லை.

நஞ்சுக்கு: காசு செலவழித்தே ஆகவேண்டிய ஒரே இடம்

மண்வள அட்டையில் துத்தநாகமும் செம்பும் இருப்பதைப் பார்த்து, கன உலோகமும் பார்த்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே அளப்பது செடி எடுக்கக்கூடிய சிறு பங்கை, பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்க. ஈயம், காட்மியம், குரோமியம் அதில் வராது. ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் "அமிலத்தில் செரித்து மொத்த அளவு" என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

எல்லோருக்கும் தேவையில்லை. பழைய பேட்டரி உடைத்த இடம், பட்டறை இருந்த இடம், குப்பைமேட்டை ஒட்டிய மனை, லாரி ஓடும் சாலைக்கு முகம் காட்டும் தோட்டம், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சவுடு: இவை கட்டாயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. ஆனால் ஈயம் மக்கிப்போகும் பொருளல்ல, சாலையோர மேல்மண்ணிலேயே தங்கும். அதனால் இந்தச் சோதனைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வேண்டாம், மேல் 5 சென்டிமீட்டரைத் தனியாக எடுங்கள். துருப்பிடித்த, பெயின்ட் அடித்த களைக்கொத்து வேண்டாம். ஸ்டீல் கரண்டி போதும்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவைக் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 2024-ல் 200-ஆகக் குறைத்தது. அந்த 200-ஐ வைத்துக்கொள்ளலாம். தாண்டினால் தரையில் கீரையும் முள்ளங்கியும் வேண்டாம். தொட்டி கட்டி வேறு மண் நிரப்பலாம். காய்க்கும் செடிகளின் காய்க்குள் ஈயம் அதிகம் ஏறுவதில்லை. உண்மையான ஆபத்து கையிலும் கீரை இலையிலும் ஒட்டும் புழுதி. கொஞ்சம் தாண்டிய இடத்தில் மக்கு உரம் நிறையச் சேர்த்து, தரையை வெறுமையாக விடாமல் மூடிவைத்தால் புழுதியும் குறையும், கரைந்து நடமாடும் ஈயமும் குறையும். மொத்த அளவு குறையாது.

எண்ணெய் பட்ட மண் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது பல வீட்டு வாசல்வரை அந்தக் கறுப்புத் தண்ணீர் வந்தது. இதற்குக் கன உலோகச் சோதனை பதில் சொல்லாது, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் மொத்த அளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

உயிருக்கு: மண்வெட்டி, வேட்டித் துண்டு, சுண்ணாம்பு

இந்தப் பகுதியில் வீட்டுச் சோதனைகள் ஆய்வகத்தை ஜெயிக்கின்றன என்பது எங்கள் துணிபு. ஆய்வகம் மட்டமானது என்பதல்ல காரணம். உயிரோட்டம் நாளுக்கு நாள் மாறுவது, அதை வருடத்துக்கு ஒரு முறை அல்லாமல் அடிக்கடி, அதே இடத்தில் பார்க்க வேண்டும். அதற்குச் செலவில்லாத சோதனைதான் தொடர்ந்து நடக்கும்.

மண்வெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். 30 சென்டிமீட்டர் நீள அகலம், 20 ஆழம், ஒரு கட்டி முழுசாக எடுத்துச் சாக்கில் கவிழ்த்து உடைக்கவும். வேர் வளைந்து பக்கவாட்டில் ஓடினால் அந்த ஆழத்தில் இறுக்கம் இருக்கிறது. சவுடு மனையில் ரோலர் ஓடிய மட்டம் இப்படித்தான் தெரியும். சாம்பல் நீலத் திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் காற்றில்லாமல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மண்புழுவை எண்ணவும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் ஒரு சதுர அடிக்கு இத்தனை என்று இருக்கும் எண்ணை இங்கே கொண்டுவர வேண்டாம். கத்திரி வெயிலில் புழு ஆழத்துக்குப் போய்விடும், பூஜ்யம் வந்தால் அது மாதத்தின் குற்றம். சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் நாட்டுப் புழுக்களையே பல வருடம் வலியுறுத்திவந்தார். மண்ணில் வளை போட்டு ஏறி இறங்குவது அந்த வகை. மண்புழு உரத்தோடு விலைக்கு வரும் ஆப்பிரிக்கப் புழு சாணக் குவியலில் வாழ்வது. பையில் அது நெளிவதால் மண் நலமாக இருக்கிறது என்று ஆகாது, தீனி இருக்கிறது என்றுதான் பொருள்.

தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு 6 இன்ச் பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு போதும். ஏழெட்டு சென்டிமீட்டர் மண்ணில் அடித்து இறக்கி 450 மில்லி ஊற்றினால் ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க, இரண்டாவது ஊற்றலுக்குத்தான் நேரம் பார்க்க வேண்டும். சவுடு மனையில் ஒரு மணி நேரம் நிற்பது உண்டு. கடல்மணலில் அரை நிமிடத்தில் போய்விடும், அது மணலின் குணமே தவிர உயிரின் பெருமை இல்லை.

பருத்தித் துணிச் சோதனையை எல்லோரும் சொல்கிறார்கள், சரியாகச் செய்பவர் குறைவு. நூறு சதவீதப் பருத்தி, பழைய வேட்டி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டராக ஐந்து துண்டு. கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசி உலர்த்தவும். கஞ்சி நின்றால் நுண்ணுயிர் முதலில் அதைத் தின்னும், துணி மக்கியதுபோல் ஏமாற்றும். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து, ஓரத்தில் நைலான் கயிறு கட்டி வெளியே விடவும். நம் வெப்பத்துக்கு 30 நாள் போதும், குளிர்நாட்டார் சொல்லும் இரண்டு மாதம் விட்டால் எடுக்க ஒன்றும் இருக்காது. எடுக்கும்போது ஓரம் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்து மண்பூச்சு ஒட்டியிருந்தால் கரையான் வேலை, அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நுண்ணுயிர் தின்றால் துணி சல்லடையாக மெலியும்; கறுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்புக் கறைகள் இருக்கும். காய்ந்த மண்ணில் எதுவும் மக்காது. ஈரம் ஒரே அளவில் இல்லாத இரண்டு இடத்தை இந்தச் சோதனையில் ஒப்பிடுவது வீண்.

இனி சுண்ணாம்பு. உயிருள்ள மண் மூச்சுவிடும், அந்தக் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் காஸ்டிக் சோடா வைத்துச் செய்வதன் வீட்டுப் பதிப்பு இது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூனை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்க வைக்கவும். காலையில் மேல்தெளிவை மட்டும் வடித்துக்கொள்ளவும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல், வேர், புழு நீக்கிய மண் 100 கிராம், ஒரு லிட்டர் ஜாடியில். ஈரம் முக்கியம்: பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அதற்குள் சின்னக் கிண்ணத்தில் 30 மில்லி தெளிவு நீர் வைத்து இறுக்கி மூடி, 24 மணி நேரம் நிழலில் வைக்கவும். மண்ணே இல்லாத இன்னொரு ஜாடியும் கட்டாயம், உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம் சுண்ணாம்பைத் தின்னும் என்பதால்.

மறுநாள் கிண்ணத்தின் மேல் வெள்ளை ஏடு படிந்திருக்கும். எவ்வளவு சுண்ணாம்பு மிச்சம் என்பதைத்தான் அளக்கப் போகிறோம். தெளிந்ததில் 20 மில்லி எடுத்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டால் ஆரத்தித் தட்டுச் சிவப்பு வரும், அதே வேதியியல்தான். 50 மில்லி வெள்ளை வினிகரை ஒரு லிட்டராக நீர்த்து, 5 மில்லி சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் சிவப்பு மறைந்து மஞ்சளாகும் இடம் வரும். எத்தனை மில்லி போனது என்று குறிக்கவும். வெறும் ஜாடிக்கு 28, மண் ஜாடிக்கு 14 என்றால் பாதிச் சுண்ணாம்பை மண்ணின் மூச்சு தின்றிருக்கிறது. ஆரம்பத்திலேயே சிவப்பு வரவில்லை என்றால் எல்லாம் தீர்ந்துவிட்டது, 50 கிராம் மண் வைத்துத் திரும்பச் செய்யவும். ஒரே ஒரு மண்ணைச் சோதித்துப் பயனில்லை. பக்கத்தில் வருடக்கணக்கில் இலை உதிர்ந்து கிடக்கும் மரத்தடி மண்ணை மூன்றாவது ஜாடியில் வைத்தால் ஒப்பிட ஓர் ஆள் கிடைக்கும்.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வாரம் சாணம் போட்டிருந்தால் பெரிதாக வரும். சாக்கடை ஏறிய மண்ணிலும், எண்ணெய் பட்ட மண்ணிலும் பெரிதாக வரும், நுண்ணுயிர் ஹைட்ரோகார்பனையும் தின்னும் என்பதால். உரமிட்டு ஒரு மாதமாவது கழித்துச் செய்தால்தான் மண்ணின் சொந்த மூச்சு தெரியும்.

காசுக்கு மோசம்

மண்ணில் குத்தினால் பி.எச்., ஈரம், வெளிச்சம் மூன்றும் காட்டும் கருவி: பி.எச்.சுக்கும் ஈரத்துக்கும் இரண்டு வேறு உலோகக் கம்பிகளுக்கு இடையே ஓடும் சிறு மின்சாரத்தைத்தான் அது படிக்கிறது. உப்பும் ஈரமும் மாறினால் முள் மாறும். நம் மண்ணில் அதன் பி.எச். எண்ணுக்குப் பொருள் கிடையாது. வட்ட வடிவக் குரோமட்டோகிராம் இயற்கை விவசாயிகளிடையே பரவலாக இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் கரைத்த மண்சாற்றை சில்வர் நைட்ரேட் ஏற்றிய வடிதாளில் பரவவிட்டு வண்ணம் படிப்பது. பார்க்க அழகு. ஆனால் குளோரைடு மிகுந்த சாறு வெள்ளியோடு சேர்ந்து தாளின் வண்ணத்தையே குழப்பும். செங்குன்றத்துச் செம்மண்ணுக்குச் செய்யலாம், எண்ணூருக்கு வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் நூற்புழுவும் பூஞ்சை இழையும் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக நல்ல விஷயம். முடிவெடுக்க என்றால் ஒரே மண்ணில் பத்துத் துளி பார்த்தாவது சராசரி எடுக்கும் பொறுமை வேண்டும். டி.என்.ஏ. வரிசைப்படுத்தி ஆயிரம் பாக்டீரியாப் பெயர்களைத் தரும் சோதனையும் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து உங்கள் கத்தரிக்கு என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை.

எந்த மாதம்

வருடத்துக்குக் குறைந்தது இரண்டு நாளாவது குறித்துக்கொள்ள வேண்டும். உப்புக்கு வைகாசி: மழையில்லாமல் அடி உப்பு மேலே ஏறி நிற்கும், மோசமான நிலை தெரியும். மார்கழியில் எடுத்தால் மழை கழுவிய மண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கலாம், சித்திரையில் பயிர் கருகும். உயிருக்குத் தை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, ஈரம் மட்டும் நிற்கும் காலம். பொங்கல் முடிந்த வாரம் மண்வெட்டியும் சுண்ணாம்பு ஜாடியும், அன்றே துணியைப் புதைத்தால் மாசியில் எடுக்கலாம். நோட்டில் தேதியோடு கடைசி மழை எப்போது, கடைசி உரம் எப்போது என்ற இரண்டையும் எழுதாவிட்டால் அடுத்த வருடம் அந்த எண்களைப் படிக்க முடியாது.

மாடித் தோட்டத்துக்கு டி.டி.எஸ். பேனா மட்டும், மாதம் ஒரு முறை பையின் அடியில் வடியும் தண்ணீரில். சவுடு மனைக்கு முதலில் கன உலோகமும் பி.எச்.சும். கட்டட இடிபாடு கலந்திருந்தால் சிமென்ட் சுண்ணாம்பால் பி.எச். 8.5-ஐத் தாண்டி, இரும்புச்சத்து ஏறாமல் துளிரிலை வெளுக்கும். அதன் பிறகு குழாய்த் துண்டும் மண்வெட்டியும், வருடா வருடம். புழல், செங்குன்றம் பக்கச் செம்மண்ணில் உப்புக் கவலை குறைவு, ஆய்வகச் சீட்டும் சுண்ணாம்பு ஜாடிச் சோதனையும் போதும். மீஞ்சூர் நெல்லுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை முழுச் சீட்டு, ஆனால் போர் தண்ணீரின் டி.டி.எஸ். மாதா மாதம்; மண்ணுக்கு முன்னால் கெடுவது தண்ணீர். திருவள்ளூர் மாவட்டத்துக்கான திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் சீட்டைக் காட்டி ஜிப்சம் அளவைக் கேட்டுக்கொள்ளலாம். கழிமுகத்தை ஒட்டி எண்ணெய்த் தண்ணீர் ஏறிய மனை என்றால், ஹைட்ரோகார்பன் முடிவு வரும்வரை சுண்ணாம்பு ஜாடி அலமாரியிலேயே இருக்கட்டும்.